வளர்ந்தோரின் கடுமையான மலேரியாவில் அரிதாகத் தோன்றும் சிக்கல்கள்: திருவள்ளூர் – கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதியை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

மலேரியா அருகிவரும் பகுதிகளில் அந்நோயின் அரிய சிக்கல்கள் இரண்டு காரணங்களால் கண்டறியப்படாமல் போகின்றன. மருத்துவருக்கு நோயே நினைவுக்கு வராமை ஒன்று. காய்ச்சல் தணிந்த பின்னர்ச் சிக்கல் தோன்றுவது மற்றொன்று. இக்கட்டுரை அச்சிக்கல்களை அவை தோன்றும் காலத்தைக் கொண்டு மூன்றாகப் பகுத்து விளக்குகிறது. இடம்பெயர் தொழிலாளர் மிகுந்த திருவள்ளூர் மாவட்டத்தில் பயண வரலாற்றைக் கேட்டறிவது நோயறிதலின் இன்றியமையாத பகுதி என்பதை இது நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: கடுமையான மலேரியா, ஃபால்சிபாரம், வைவாக்ஸ், மண்ணீரல் வெடிப்பு, பிந்திய குருதியழிவு, இடம்பெயர் தொழிலாளர்.

முன்னுரை

சென்னை – அரக்கோணம் இருப்புப்பாதையில் அமைந்த திருநின்றவூர், நகரத்திற்கும் தொழிற்பகுதிகளுக்கும் இடைப்பட்ட குடியிருப்பூர். அதன் மேற்கே காக்களூர்த் தொழிற்பேட்டையும், மாவட்டத்தின் வடகோடியில் கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகமும் உள்ளன. இவற்றிலும் மாவட்டத்தின் செங்கற்சூளைகளிலும் ஒடிசா உள்ளிட்ட மாநிலங்களிலிருந்து வந்தோர் பணிபுரிகின்றனர்.

இப்பகுதியில் இருவகை மலேரியா சந்திக்கின்றன. சென்னையை ஒட்டிய நகர்ப்புறத்தில் மேல்நிலைத் தொட்டிகளிலும் கிணறுகளிலும் பெருகும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி கொசுவால் பரவும் வைவாக்ஸ் மலேரியா உள்ளூர் வகை. ஒடிசாவின் மலைக்காட்டு மாவட்டங்களில் மேலோங்கியிருப்பது ஃபால்சிபாரம் வகை. புவனேசுவரத்திலிருந்து சென்னைக்குத் தொடர்வண்டிப் பயணம் ஏறத்தாழ ஒரு நாளே. ஃபால்சிபாரம் தொற்று நோயாக வெளிப்படப் பொதுவாக 9 முதல் 14 நாள்கள் ஆகும். எனவே ஊரில் கொசுக்கடிபட்டவர் நலமுடன் வந்து பணியில் சேர்ந்து, இங்கே நோயுறுவது இயல்பு. அவர் நோயின் காரணர் அல்லர். அதனால் முதலில் பாதிக்கப்படுபவர்.

கடுமை உருவாகும் முறை

ஃபால்சிபாரம் ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணுக்கள் நுண்குருதிக்குழாய்களின் உட்சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. குருதியோட்டம் தடைப்பட, அவ்வுறுப்பு உயிர்வளியின்றி நலிகிறது. வளர்ந்தோரிடம் குருதிக் குளுக்கோஸ் டெசிலிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குக் கீழ்க் குறைதல், கிரியாட்டினின் 3 மில்லிகிராமைக் கடத்தல், நினைவிழப்பு, அதிர்ச்சி, நுரையீரல் நீர்க்கோவை முதலியன கடுமையின் அடையாளங்களாக உலக நலவாழ்வு நிறுவனத்தால் வரையறுக்கப்பட்டுள்ளன. குழந்தைகளிடம் குருதிச்சோகையும் வலிப்பும் மிகுதி. வளர்ந்தோரிடம் மஞ்சள்காமாலை, சிறுநீரகச் செயலிழப்பு, நுரையீரல் பாதிப்பு ஆகியன மிகுதி.

வைவாக்ஸ் தீங்கற்றது என்னும் பழைய கருத்து இன்று ஏற்கப்படுவதில்லை. இராசத்தானின் பிகானேரிலிருந்து 2005இல் வெளிவந்த ஆய்வு, வைவாக்ஸ் மட்டுமே இருப்பதாக மரபணுச் சோதனையால் உறுதிசெய்யப்பட்ட நோயாளிகளிடமும் கடுமையான சிக்கல்களைப் பதிவுசெய்தது. உள்ளூர் வகை வைவாக்ஸாக உள்ள சென்னைப் புறநகருக்கு இம்முடிவு நேரடியாகப் பொருந்தும்.

காய்ச்சற்காலச் சிக்கல்கள்

முதற்காலத்தில் தோன்றுவனவற்றுள் ஆபத்தானது மண்ணீரல் வெடிப்பு. முன்னர் மலேரியா கண்டிராத வளர்ந்தவரிடம் மண்ணீரல் விரைந்து வீங்குவதால் அதன் உறை இழுபட்டு மெலிகிறது. இருமல், வாந்தி, அழுத்திச் செய்யும் வயிற்றுப் பரிசோதனை ஆகியனவும் அதைக் கிழிக்கப் போதுமானவை. இடப்புற மேல்வயிற்று வலி, இடத்தோளில் உணரப்படும் வலி, திடீரெனச் சரியும் குருதியழுத்தம் ஆகியன அதன் குறிகள். இது வைவாக்ஸிலும் நிகழ்வதுண்டு.

கைகால் விரல்கள் இருபுறமும் ஒருசேரக் கறுத்து அழுகுதல், கற்களின்றியே பித்தப்பை அழற்சியுறுதல், கணைய அழற்சி, தசையழிவு ஆகியனவும் அரிதாகக் காணப்படுகின்றன. வயிற்றுவலியோடு வருபவர் அறுவைப் பிரிவுக்கு அனுப்பப்படும்போது, குருதிப்படலச் சோதனை விடுபட்டுவிட வாய்ப்பு மிகுதி.

சிகிச்சைக்காலச் சிக்கல்கள்

இரண்டாம் காலம் மருந்து தொடங்கியபின் வருவது. ஒட்டுண்ணிகள் குறைந்துகொண்டிருக்கும் வேளையிலேயே கடும் மூச்சுத்திணறல் தோன்றலாம். நுரையீரல் நுண்குழாய்களிலிருந்து நீர் கசிவதே இதற்குக் காரணம். சிரைவழி நீர்மம் மிகையானால் நிலை மோசமாகும். மழைக்காலத்தில் காய்ச்சலோடு தட்டணுக் குறைவும் காணப்பட்டால் டெங்கு என்னும் எண்ணமே முதலில் எழுகிறது. டெங்குவில் குருதி நீர்மக் கசிவை ஈடுசெய்யும் நீர்மச் சிகிச்சை உயிர்காப்பது. அதே அளவை மலேரியா நோயாளிக்கு அளிப்பது அவர் உயிரைப் பறிக்கக்கூடும். நோயறிதலில் நேரும் பிழை சிகிச்சைப் பிழையாக மாறும் இடம் இது.

குயினைன் மருந்து இன்சுலின் சுரப்பைத் தூண்டுவதால், குறிப்பாகக் கர்ப்பிணிகளிடம், குருதிச் சர்க்கரை மீண்டும் மீண்டும் தாழலாம். மயக்கம் தெளியாததை மூளை மலேரியா என்று மட்டும் கொள்ளாமல் சர்க்கரையை அளந்து பார்த்தல் வேண்டும். ஒட்டுண்ணி நீங்கிய பின்னும் காய்ச்சல் தணியாது, குருதியணுக்கள் அனைத்தும் குறைந்து, ஃபெரிட்டின் மிக உயர்ந்து காணப்படின், உடலின் எதிர்ப்பணுக்களே குருதியணுக்களை விழுங்கும் அரிய நிலையை ஐயுறல் வேண்டும்.

குணமடைந்தபின் வரும் சிக்கல்கள்

மூன்றாம் காலத்துச் சிக்கல்களே எளிதில் தவறவிடப்படுவன. இந்தியா உள்ளிட்ட நான்கு நாடுகளில் 1,461 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2005இல் வெளியான ஆய்வில், குயினைன் பெற்றோருள் 22 விழுக்காட்டினரும் ஆர்ட்டிசுனேட் பெற்றோருள் 15 விழுக்காட்டினரும் இறந்தனர். அதன்பின் ஆர்ட்டிசுனேட் ஊசியே முதன்மை மருந்தாயிற்று. எனினும் அம்மருந்து பெற்றோருள் சிலரிடம், ஒரு வாரத்திற்குப் பின் குருதியழிவு நேர்கிறது. மருந்தால் இறந்த ஒட்டுண்ணியை மண்ணீரல் சிவப்பணுவிலிருந்து அகற்றி, அணுவை மட்டும் குருதியோட்டத்துக்குத் திருப்பிவிடுகிறது. இவ்வாறு மீண்ட அணுக்களின் ஆயுள் குறுகியது. அவை பின்னர் ஒருசேர அழிகின்றன. இது மருந்தைத் தவிர்க்கக் காரணமாகாது. நான்கு வாரம் ஹீமோகுளோபினைக் கண்காணிக்கக் காரணமாகும்.

நரம்பு மண்டலத்திலும் பிந்திய விளைவுகள் உண்டு. காய்ச்சல் நீங்கிச் சில வாரங்களுக்குப்பின் நடையில் தள்ளாட்டமும் பேச்சில் குழறலும் தோன்றும் சிறுமூளைப் பாதிப்பை இலங்கை மருத்துவர் சேனநாயக்க 1987இல் விவரித்தார். 1994இல் 74 நோயாளிகளைக் கொண்ட ஆய்வு வெளிவந்தது. இந்நிலை பெரும்பாலும் தானே சீரடைகிறது. கடுமையான நோயிலிருந்து மீண்டோரிடம் இரு மாதங்களுக்குள் குழப்பம், வலிப்பு, நடுக்கம் தோன்றுவதை வியட்நாமில் நிகழ்ந்த ஆய்வு 1996இல் பதிவுசெய்தது. இவ்வேளைகளில் குருதிப்படலத்தில் ஒட்டுண்ணி இராது. ஃபால்சிபாரம் புரதத்தைக் காட்டும் விரைவுச் சோதனை, ஒட்டுண்ணி அழிந்து சில வாரங்கள் வரை நேர்மறையாகவே இருக்கக்கூடும். நோய் மீண்டதாக இதைப் பொருள்கொள்ளலாகாது. அண்மையில் தொற்று இருந்ததற்கான சான்றாகக் கொள்ளலாம்.

தொழிற்பகுதியில் இதன் பொருத்தம்

ஒப்பந்தத் தொழிலாளர்க்குக் காய்ச்சல் தணிந்த மறுநாளே பணிக்குத் திரும்பவேண்டிய நெருக்கடி உண்டு. பணியிடம் மாறுவோரும் ஊர் திரும்புவோரும் பலர். வீங்கிய மண்ணீரலோடு சுமைதூக்குதல், குருதியழிவோடு உலைக்களத்தில் நிற்றல், தள்ளாட்டத்தோடு இயந்திரம் இயக்குதல் ஆகிய ஒவ்வொன்றும் தனித்த ஆபத்து. தள்ளாடும் தொழிலாளி குடித்திருப்பதாகக் கருதப்பட்டு வேலையிழக்கவும் கூடும். எனவே சிகிச்சைச் சுருக்கம் தொழிலாளியின் மொழியில் விளக்கப்பட்டு அவர் கையில் தரப்படல் வேண்டும். எந்த நாளில் எச்சோதனைக்கு வரவேண்டும் என்பதும் அதில் இடம்பெறல் வேண்டும். திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் தொடங்கப்பட்ட பின், இத்தகைய தொடர்கண்காணிப்பையும் பதிவையும் மாவட்டத்துக்குள்ளேயே மேற்கொள்ளும் வாய்ப்பு மிகுந்துள்ளது.

முடிவுரை

இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடாகச் சான்றளிக்கப்பட்டது. தமிழகமும் அத்திசையில் செல்கையில், மலேரியாவை நேரில் கண்ட மருத்துவர் குறைவர். நோயெதிர்ப்பாற்றல் இல்லாத வளர்ந்தோர் மிகுவர். அரிய சிக்கல் மேலும் அரிதாகும், தோன்றும்போது கொடிதாகும். இதற்கு எதிரான முதற்கருவி செலவு மிக்கதன்று. காய்ச்சலோடு வருபவரிடம் மட்டுமன்றி, வயிற்றுவலி, சோகை, தள்ளாட்டம் ஆகியவற்றோடு வருபவரிடமும், கடந்த இரு மாதங்களில் எங்கிருந்தார், காய்ச்சல் கண்டாரா, என்ன மருந்து உண்டார் என்னும் மூன்று வினாக்களைக் கேட்டுப் பதிவுசெய்வதே அது.