அளவே மருந்து

முன்னுரை

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தைப் பயில்வோர் ஒன்றைக் கண்டு வியப்பர். பத்துக் குறட்பாக்களில் ஒரு மருந்தின் பெயரும் இல்லை. வள்ளுவர் அங்கு வற்புறுத்துவது அளவையே. இருபதாம் நூற்றாண்டு மருத்துவம் கண்டெடுத்த பேருண்மை ஒன்றும் இவ்வளவைப் பற்றியதே. இலண்டனிலிருந்து வெளிவரும் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழ், அந்நூற்றாண்டின் தலையாய மருத்துவ முன்னேற்றமாக அமையக்கூடியது என்று 1978ஆம் ஆண்டில் அதனைப் பாராட்டியது. அது வேறொன்றுமில்லை, அடுக்களையிலுள்ள உப்பும் சர்க்கரையும் நீரும் கலந்த கரைசலே ஆகும்.

நீர் வற்றுவதே சாவு

வயிற்றோட்டம் கண்ட குழந்தை பெரும்பாலும் உடலின் நீரும் உப்பும் வற்றுவதாலேயே இறக்கிறது. காலரா கண்டவர் சில மணி நேரத்திலேயே உயிரிழக்கக்கூடும். ஆயினும், 'தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும்' என்று கூறிக் குழந்தைக்கு நீரை மறுக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்து வந்தது. என் இளமையில் எங்கள் இல்லத்துப் பெரியவர்களும் அவ்வாறே கூறக் கேட்டிருக்கிறேன். அன்பு மிகுந்தவர்களே அறியாமையால் செய்த பிழை அது.

திறந்திருக்கும் வாயில்

காலராக் கிருமி வெளியிடும் நச்சுப் பொருளே குடலிலிருந்து நீரைப் பெருக்கி வெளியேற்றுகிறது என்பதைக் கல்கத்தாவில் சம்புநாத் தே 1959ஆம் ஆண்டில் மெய்ப்பித்தார். வெறும் நீரைக் குடித்தால் அது போதிய அளவு உடலிற் சேராது. ஆனால் குடற்சுவரில் நோயால் கெடாத ஒரு வாயில் உண்டு. உப்பிலுள்ள சோடியமும் குளுக்கோசும் இணைந்து வரும்போது அவ்வாயில் இரண்டனையும் உள்ளே ஏற்கும். நீரும் அவற்றைப் பின்தொடரும். இராபர்ட் கிரேன் என்னும் அறிஞர் இவ்விணைப்பை 1960ஆம் ஆண்டில் விளக்கினார். டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் காஷ் ஆகிய இளம் மருத்துவர்கள் 1968இல் காலரா நோயாளர்க்கு இக்கரைசலைக் கொடுத்து அதன் பயனை நிறுவினர்.

பன்காவ் முகாம்

ஆய்வகத்து உண்மை மக்களிடம் வந்து சேர்ந்தது 1971ஆம் ஆண்டில். வங்கதேச விடுதலைப் போரின்போது ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் ஏதிலிகளாய் இந்தியாவுக்குள் வந்தனர். மேற்கு வங்கத்து எல்லையூராகிய பன்காவில் காலரா பரவியது. நரம்பு வழியே ஏற்றும் உப்புநீர் தீர்ந்து வந்தது. அதனை ஏற்றத் தெரிந்தவரும் சிலரே. அப்போது மருத்துவர் திலீப் மகலநோபிஸ் துணிந்து ஒரு முடிவெடுத்தார். கல்கத்தா ஆய்வு மையத்தின் நூலக அறையிலேயே உப்பும் குளுக்கோசும் சமையல் சோடாவும் அளந்து பொட்டலமிடப்பட்டன. பீப்பாய்களில் கரைக்கப்பட்ட நீரை நோயாளரின் உறவினரே குவளை குவளையாகப் புகட்டினர். ஏறத்தாழ 3,700 நோயாளரில் இறந்தவர் நூற்றுக்கு நால்வருக்கும் குறைவு. மருத்துவர் கைக்கு எட்டாத இடத்தில் தாயின் கை மருத்துவம் செய்தது எனலாம். மகலநோபிஸ் 2022ஆம் ஆண்டில் மறைந்தார். 2023இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

வீடுதோறும் கல்வி

மருந்து கிடைத்தால் மட்டும் போதுமா? அதனை ஆக்கத் தெரிய வேண்டுமன்றோ! வங்கதேசத்தின் 'பிராக்' நிறுவனம் 1980 முதல் 1990 வரை ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பெண் ஊழியர்களை அனுப்பியது. மூன்று விரலால் எடுக்கும் உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரைச் சேர் நீர் என்று தாய்மாருக்கு அவர்கள் கற்பித்தனர். தாய்மார் எவ்வளவு நினைவிற் கொண்டனர் என்று பின்னர்ச் சோதித்து, அதற்கேற்பவே ஊழியருக்கு ஊதியம் வழங்கினர். கற்பித்தேன் என்பதினும் கற்றார் என்பதே அளவுகோலாயிற்று. ஆசிரியர்களாகிய நாமும் எண்ணிப் பார்க்கத்தக்க முறை இது.

அளவு பிழைத்தால்

மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, அதில் குறித்துள்ள அளவு நீரில் முழுவதுமாகக் கரைக்க வேண்டும். பொட்டலம் கிடைக்காதபோது, காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து இடலாம். ஒரு நாள் கடந்தால் அதனைக் கொட்டிவிட வேண்டும். உப்பு மிகுந்தால் குழந்தைக்குக் கேடு. சர்க்கரை மிகுந்தால் அது உடலின் நீரைக் குடலுக்குள் இழுத்துப் போக்கினை வளர்க்கும். தாய்ப்பாலும் வழக்கமான உணவும் நிறுத்தலாகாது. மலத்தில் குருதி, கண் குழிதல், சோர்ந்து மயங்குதல், குடிக்க இயலாமை ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

சர்க்கரை மிகுந்த இன்சுவை நீர்கள் சில, 'ஓ.ஆர்.எஸ்.' என்னும் பெயரையே தாங்கி அழகிய பெட்டிகளில் விற்கப்பட்டு வந்தன. நோயுற்ற குழந்தைக்கு மருந்தென்று நம்பி அதனை வாங்கியோர் பலர். ஐதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஒருவர் பல்லாண்டு போராடினார். அதன் பின், இத்தகைய பானங்கள் அப்பெயரைத் தாங்கலாகாது என இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் ஆணையிட்டது. சொல் ஒன்று தன் பொருளை இழந்தால் உயிரும் போகக்கூடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

முடிவுரை

இம்மருந்து பல கோடி உயிர்களைக் காத்துள்ளது. எனினும், விலை குறைந்தது என்பதாலேயே இதனை எளிதாக எண்ணுவோர் இன்றும் உளர். ஊசியும் மாத்திரையுமே மருந்தென்று கருதுகின்றனர். உலகில் இன்றும் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான குழந்தைகள் வயிற்றோட்டத்தால் மடிகின்றனர். மாணவச் செல்வங்களே! இக்கட்டுரையில் வேறு எதனை மறந்தாலும் ஒன்றை மறவாதீர்கள். ஒரு லிட்டர் நீர், ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இதனை உங்கள் இல்லத்தாருக்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்லிக் கொடுங்கள். கற்ற கல்வி ஓர் உயிரைக் காக்குமாயின், அதனினும் சிறந்த பயன் அதற்கு வேறில்லை.