புழக்கடைத் தோட்டமும் பருவங்களும்

விழுப்புரம், திண்டிவனம் பகுதிக் கிராமங்களில், வீட்டின் பின்புறம் சிறிதளவேனும் நிலம் இல்லாத குடித்தனங்கள் குறைவு. ஆடி மாதத்தில் அந்நிலத்தில் ஒரு சுரைக்கொடியோ அவரைக்கொடியோ ஊன்றப்படுகிறது. தை மாதத்தில் அது காய்த்துக் குலுங்குகிறது. மாசி கழிவதற்குள் காய்ந்து விடுகிறது. பங்குனி முதல் ஆனி வரையில் அவ்விடம் வெறுமையாய்க் கிடக்கிறது. மானாவாரி நிலத்தை நம்பியவர்களுக்கு வேலையும் வரும்படியும் குறைந்து, கறிகாயைச் சந்தையில் காசு கொடுத்தே வாங்க வேண்டிய காலமும் அதுவே. ஆகவே அம்மாதங்களில் பல வீடுகளில் குழம்பு புளியும் மிளகாயுமாகச் சுருங்கி விடுகிறது.

இக்குறைக்கு நீர்ப் பஞ்சமே காரணம் என்று சொல்வது வழக்கம். அது பாதி உண்மையே. மழைக் காலத்திலும் கோடையிலும் தோட்டத்தை ஒரே அளவாக வைக்க முயல்வதும், சில மாதமே வாழும் கொடிகளை மட்டும் நம்புவதும் மற்றப் பாதிக் காரணம். மழையில் விரிந்து கோடையில் சுருங்கும்படி தோட்டத்தை அமைத்துக் கொண்டால், வருஷம் முழுவதும் அடுப்பிற்கு ஏதேனும் ஒரு பச்சை கிடைக்கும்.

தேகாரோக்கியமும் கீரையும்

குன்னூரிலிருந்த ஆகார ஆராய்ச்சிச் சாலையின் தலைவராயிருந்த டாக்டர் அய்க்ராய்டு என்பவர், 1930-களிலேயே தென்னிந்தியக் கிராமங்களின் ஆகாரத்தைப் பரிசீலனை செய்து, தானியத்தோடு கீரையும் கறிகாயும் பாலும் சேர வேண்டியதன் அவசியத்தை எடுத்துரைத்தார். அச்சாலை 1958-இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. வயது வந்த ஒருவருக்கு நாளொன்றுக்குக் கீரையும் கறிகாயுமாக 400 கிராம் வேண்டும் என்பது, அந்நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின் கணக்கு.

நடப்பு நிலைமை இதற்கு வெகு தொலைவில் இருக்கிறது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேரும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேரும் இரத்தச் சோகையுடையவர்கள். கீரை ஒன்றே இந்நோய்க்கு மருந்தாகி விடாது. கீரையிலுள்ள இரும்புச் சத்தை உடல் குறைவாகவே ஏற்கும். எலுமிச்சை, நெல்லிக்காய் போன்ற புளிப்புப் பழங்கள் உடன் சேர்ந்தால் சற்று அதிகமாக ஏற்கும். உணவோடு காப்பியோ தேநீரோ அருந்தினால் அதுவும் குறைந்து போகும். ஆதலால் வைத்தியர் கொடுக்கும் இரும்பு மாத்திரைகளைக் கர்ப்பிணிகள் நிறுத்தலாகாது. எனினும், அன்றாடம் கைக்கெட்டும் தூரத்தில் முருங்கையும் கீரையும் எலுமிச்சையும் இருக்கும் வீட்டிற்கு அது பெரிய அநுகூலமே.

நிலமும் மழையும்

1993-இல் தென்னார்க்காடு ஜில்லாவிலிருந்து பிரிந்து உண்டான விழுப்புரம் ஜில்லாவில் மண் ஒரே விதமாயில்லை. திண்டிவனம், செஞ்சிப் பக்கங்களில் செம்மண்ணும் சரளையும் மிகுதி. நீர் விரைவில் இறங்கி விடும். பெண்ணையாற்றங்கரையில் வண்டல் படிந்திருக்கும். உப்பளங்களுள்ள மரக்காணத்தில் மணலும் உவருமாகும். செம்மண்ணுக்கும் மணலுக்கும் தொழுவுரம் அதிகமாக வேண்டும். களிமண்ணுக்கு வடிகால் அதிகமாக வேண்டும்.

வருஷ மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி முதல் மார்கழி வரையில் வடகிழக்குப் பருவக்காற்றினால் கிடைப்பது. ஆனி முதல் புரட்டாசி வரை மாலை வேளைகளில் இடியுடன் பெய்யும் மழை விதைப்பிற்கு உதவும். தை பிறந்த பின் மழையை எதிர்பார்க்க இயலாது.

நீர்க் கணக்கு

கோடை வெயிலில் ஒரு சதுர மீட்டர் கறிகாய்ப் பாத்திக்கு நாளொன்றுக்குச் சுமார் 5 லிட்டர் நீர் தேவைப்படும். ஐந்து பேருள்ள குடும்பத்தில் குளிப்பதிலும் பாத்திரம் கழுவுவதிலும் ஆளுக்கு 20 லிட்டர் வீதம் கழிவு நீர் சேர்ந்தால், மொத்தம் 100 லிட்டர். அந்நீர் 20 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய அரை சென்ட் நிலத்திற்குப் போதும். ஒரு சென்ட் முழுவதற்கும் அதைப் பகிர்ந்தால் எல்லாச் செடிகளும் வாடும். அரை சென்டில் நிறுத்தினால் அத்தனையும் பிழைக்கும். மழைக் காலத்தில் ஒரு சென்ட், கோடையில் அரை சென்ட் என்னும் விதி இக்கணக்கிலிருந்தே பிறப்பது.

சோப்பு கலந்த நீரை வாழை, பப்பாளி, முருங்கை முதலியவற்றின் அடியில் விட வேண்டும். கொத்தமல்லி போலப் பச்சையாக உண்ணும் செடிகளுக்கு அதை விடலாகாது. துணி துவைத்த காரமான நீரைத் தினந்தோறும் ஒரே இடத்தில் விடுவதும் தவறு. மண் இறுகிப் போகும். எந்நீரும் தேங்கி நின்றால் கொசு பெருகும். ஆகையால் கருங்கல் ஜல்லி நிரப்பிய சிறு குழி வழியாக நீரை வடியச் செய்து, வாய்க்காலில் விடுவதே முறை.

நிரந்தரச் செடிகள்

கோடையைத் தாங்குபவை நிரந்தரச் செடிகளே. முருங்கை, அகத்தி, கறிவேப்பிலை, எலுமிச்சை, பப்பாளி, இரண்டு வாழை, வேலியின்மேல் ஒரு கோவைக்கொடி, நீர் ஓடும் இடத்தில் பொன்னாங்கண்ணியும் கொடிப்பசலையும் இருந்தால், மற்றப் பயிர்கள் பொய்த்தாலும் அடுப்படி வெறுமையாகாது. இவற்றை வடபுறத்திலும் மேற்கிலும் நட வேண்டும். அப்பொழுது காலை வெயில் பாத்திகளுக்குத் தடையின்றிக் கிடைக்கும். பிற்பகல் வெயிலின் கடுமையும் தணியும்.

முருங்கையில், பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-இல் வெளியிட்ட பி.கே.எம். 1 என்னும் செடிமுருங்கை விதை மூலம் பயிராவது. ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். செடி இரண்டரை அடி உயர்ந்ததும் நுனியைக் கிள்ளி விட்டால் பக்கக் கிளைகள் பெருகும். காய்ப்பு ஓய்ந்தபின் மூன்றடி உயரத்தில் வெட்டி விட மீண்டும் துளிர்க்கும்.

ஆனி முதல் புரட்டாசி வரை

ஆனி மாதத்தில் வேலியைச் சீர் செய்து, குழிகளில் தொழுவுரம் இட்டு மூடி வைக்க வேண்டும். ஆடுகள் மேயும் கிராமத்தில் வேலியில்லாத தோட்டம் ஆட்டுக்கே பயிராகும். கிளுவைக் குச்சிகளை நெருக்கமாக ஊன்றி, இடையிடையே ஆடாதொடையும் நொச்சியும் வைத்தால் சில வருஷங்களில் உயிர்வேலி அமைந்து விடும்.

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்னும் முதுமொழி புழக்கடைக்கும் பொருந்தும். புடல், பீர்க்கு, பாகல், சுரை, பூசணி, அவரை ஆகியவற்றை ஆடியில் ஊன்ற வேண்டும். வெண்டையும் கொத்தவரையும் இக்காலத்தில் செழிக்கும். கத்தரி, மிளகாய் நாற்றுகளை முப்பது முப்பத்தைந்து நாள் வயதில் பிடுங்கி நடலாம். பந்தல் அவரையின் இயல்பு ஒன்றைக் குடியானவர் கவனிக்க வேண்டும். பழைய நாட்டு வகைகள் பகற்பொழுது குறையும் காலத்திலேயே பூப்பவை. ஆதலால் அவற்றைச் சித்திரையிலேயே ஊன்றி நீர் ஊற்றுவது வீண் சிரமம்.

ஐப்பசியும் கார்த்திகையும்

இவ்விரு மாதங்களில் தோட்டத்திற்கு வரும் ஆபத்து நீர் மிகுதியே. 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு புதுச்சேரிக்கு அருகே ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, திண்டிவனத்திற்கு அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. அத்தகைய மழையில் எத்தோட்டமும் தப்புவது அரிது. ஆனால் சாதாரணப் பெருமழையில் செடிகள் சாவதற்குப் பெரும்பாலும் வேர் அழுகலே காரணம். அரை அடி உயரமுள்ள மேட்டுப் பாத்திகளும், நடுவே வடிகாலும் இருந்தால் அதைத் தவிர்க்கலாம்.

ஐப்பசி பிறக்குமுன் பந்தற்கால்களை ஆழ நட்டு, முருங்கையின் நீண்ட கிளைகளைக் கழித்து விட வேண்டும். காற்றில் முறிந்த முருங்கைக் கிளை பருமனாயிருந்தால் மூன்றடித் துண்டாக நறுக்கி வேறிடத்தில் நட்டுக் கொள்ளலாம். சிறுகீரை விதைகளைப் பெருமழை அடித்துச் சென்று விடும். அவற்றிற்குக் கார்த்திகைக் கடைசி வரை பொறுத்தல் நலம்.

மார்கழி முதல் மாசி வரை

பனியும் இளவெயிலும் கூடிய இம்மாதங்களே தோட்டத்தின் செல்வக் காலம். தக்காளி, முள்ளங்கி, வெந்தயக்கீரை, கொத்தமல்லி, சிறுகீரை யாவும் சிரமமின்றி வளரும். பொங்கலன்று பல காய்கள் சேர்த்து வைக்கும் குழம்பிற்கு அவரையும் மொச்சையும் பூசணியும் வீட்டிலிருந்தே கிடைக்கும்.

அவரையில் அசுவினி பற்றுவதும் இப்பருவத்திலேயே. அரைக் கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ஒரு துணியில் முடிந்து, பத்து லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊற வைத்துப் பிழிந்து, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளித்தால் அது கட்டுப்படும். கத்தரியில் வாடித் தொங்கும் நுனிகளுக்குள் புழு இருக்கும். அவற்றைக் கிள்ளி எரித்து விட வேண்டும். கடைகளில் விற்கும் விஷ மருந்துகளை, குழந்தைகள் நடமாடும் புழக்கடையில் தெளியாதிருப்பதே உத்தமம்.

தைக் கடைசியில் ஒவ்வொரு கொடியிலும் நல்ல காய் இரண்டை விதைக்கென்று முற்ற விட வேண்டும். விதையை நிழலில் உலர்த்தி, சாம்பலில் புரட்டி, காற்றுப் புகாத பாத்திரத்தில் வைத்தால் அடுத்த ஆடி வரை கெடாது. கடையில் வாங்கிய வீரிய ஒட்டு விதையின் காயிலிருந்து எடுக்கும் விதை தாய்ச்செடியைப் போல வராது. அதைச் சேமிப்பதில் பயனில்லை.

பங்குனி முதல் வைகாசி வரை

இப்பொழுது தோட்டத்தைச் சுருக்க வேண்டும். காய்ப்பு ஓய்ந்த கொடிகளைத் தயங்காமல் அகற்றி உரக்குழியில் இட்டு, கழிவு நீர் எட்டும் அரை சென்டில் மட்டும் தண்டுக்கீரை, வெண்டை, கொத்தவரை, வெள்ளரி ஆகியவற்றை வைத்துக் கொள்ளலாம். பாத்தியின்மேல் மணிலாக்கொட்டைத் தோலையோ வைக்கோலையோ மூன்று விரற்கடை கனத்திற்குப் பரப்பினால் ஈரம் காக்கப்படும். சிறு துளையிட்டுத் திரி கோத்த மண் குடத்தைக் கொடியின் அருகே கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பினால், நீர் வேரடியில் மெல்லக் கசியும். மேலே ஆவியாகி வீணாகாது. நீர் ஊற்றுவதைக் காலையிலோ மாலையிலோ மட்டும் செய்ய வேண்டும். முருங்கை மிகுதியாகக் காய்ப்பது இக்கோடையிலேயே.

வேலைப் பங்கீடு

இப்பகுதியில் மல்லாட்டை என்று வழங்கும் மணிலாக்கொட்டையின் விதைப்பும் களையெடுப்பும் ஆடி ஆவணியில் வருவதால், பெண்கள் பொழுது விடிந்தது முதல் கொல்லையிலிருக்க நேரிடுகிறது. புழக்கடையையும் அவர்கள் தலையிலேயே சுமத்தினால் தோட்டம் நிலைக்காது. குழி வெட்டுதல், வேலி, பந்தல், உரம் சுமத்தல் ஆகியவை ஆண்களின் பொறுப்பாயிருத்தல் நியாயம். புழு பொறுக்குவதையும் மாலையில் நீர் ஊற்றுவதையும் பிள்ளைகள் மகிழ்ச்சியுடன் செய்வர். ஆட்டையும் கோழியையும் விரட்ட வீட்டிலுள்ள முதியோர் போதும். நாளொன்றுக்கு எல்லோருமாக அரை மணி நேரம் செலவிட்டால் ஒரு சென்ட் தோட்டம் நன்றாக நடக்கும்.

சங்கம் செய்யத்தக்கது

திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் 1940-இல் வெளியிட்ட டி.எம்.வி. 2 என்னும் மணிலா வகையைத் தேடிப் பயிரிட்ட குடியானவர் அநேகர். கொல்லைக்கு விதை தேடும் அந்தக் கவனத்தில் சிறிதேனும் புழக்கடைக்கும் வேண்டும். கடலூர் ஜில்லாவைச் சேர்ந்த பாலூரிலுள்ள காய்கறி ஆராய்ச்சி நிலையத்தின் கத்தரி வகைகள் அண்டை மண்ணில் ஆராய்ந்து தேர்ந்தெடுத்தவை.

ஒரு வீட்டிற்கு வேண்டிய கத்தரி நாற்று பதினைந்து அல்லது இருபது; ஆனால் ஒரு பொட்டலம் விதையில் நூற்றுக்கணக்கான நாற்றுகள் முளைக்கும். தனித்தனியே வாங்கினால் விதையும் பணமும் விரயம். கிணற்று நீருள்ள ஓர் அங்கத்தினரின் நிலத்தில் சங்கத்தின் பேரில் ஒரே நாற்றங்கால் போட்டு, ஆவணியில் எல்லோருக்கும் பங்கிட்டால் செலவு மிகச் சிறிதாகும். தையில் சேமிக்கும் நாட்டு விதைகளையும் வீட்டுக்கு ஒரு கைப்பிடி வீதம் சங்கத்தில் சேர்த்து வைத்தால், ஒருவர் தோட்டம் வெள்ளத்தில் அழிந்தாலும் அடுத்த ஆடிக்கு அவருக்கு விதை உண்டு.

சென்னை மாகாணத்தின் முதல் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904-இல் திரூர் கிராமத்தில் ஏற்பட்டது, சிறு தொகைக்காக அதிக வட்டி கொடுக்கும் கஷ்டத்தினின்று குடியானவரை மீட்பதற்காகவே. கறிகாய்க்கும் மருந்துக்குமாகச் செலவாகும் சில்லறைக் காசு வருஷக் கடைசியில் சிறு கடனாய் நிற்பதுண்டு. அதைக் குறைப்பதும் சங்கத்தின் பழைய நோக்கத்தைச் சேர்ந்ததே. வரும் ஆனி மாதத்திற்குள் ஒவ்வொரு சங்கமும் எத்தனை வீடுகளுக்கு எவ்வெவ் விதை, எத்தனை நாற்று வேண்டும் என்று ஜாபிதா தயாரித்து, நாற்றங்காலுக்கு இடம் குறித்து விட்டால், ஆடிப்பட்டம் தவறாது.