திறந்த கதவும் திறவாத ஏடும்

இளங்கலை வேதியியல் பயிலும் பிள்ளைக்குப் பாடநூல் போதாதா, ஆய்விதழ் எதற்கு என்று பெற்றோர் சிலர் நம்மிடம் வினவுவதுண்டு. நியாயமான வினாவே. பாடநூல் முடிவைக் கூறும்; அம்முடிவு எவ்வாறு கிட்டிற்று என்பதை ஆய்விதழ் கூறும். எப்பொருளை எத்தனை கிராம் எடுத்தனர், எவ்வளவு வெப்பத்தில் எத்தனை மணி நேரம் வைத்தனர், விளைபொருள் எவ்வளவு கிடைத்தது என்பனவெல்லாம் அங்கே காணலாம். இன்று பாடநூலில் சில வரிகளில் அடங்கிவிடும் சுசுகி வினை, 1979-இல் ‘டெட்ராஹெட்ரான் லெட்டர்ஸ்’ என்னும் இதழில் சில பக்கக் கட்டுரையாகவே வெளிவந்தது. 2010-இல் அவ்வறிஞர் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

இத்தகைய இதழ்களின் சந்தா எளியோர்க்கு எட்டுவதன்று. ஒரே ஒரு கட்டுரையை வாங்க முற்பட்டாலும் பல பதிப்பகங்கள் முப்பது டாலருக்கு மேல் கேட்கின்றன. பெருநகர ஆராய்ச்சி நிறுவனத்தில் பயில்வோர் எளிதில் படித்ததைச் சிற்றூர் அரசுக் கல்லூரி மாணவி படிப்பது அரிதாயிருந்தது.

இக்குறையை நீக்கவே 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அமெரிக்க வேதியியல் கழகம் உள்ளிட்ட 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை 6,300-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு இணையத்தின் வழியே வழங்குவதே நோக்கம். பொறுப்பு, காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் மையத்தினுடையது.

நற்செயலே, ஆயினும் இரண்டைக் கருத வேண்டும். திட்டம் தொடங்கியபோது அரசுகள் நடத்தும் கல்லூரிகளும் மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனங்களுமே இடம்பெற்றன. தனியார் கல்லூரிகளில் பயிலும் நம் பிள்ளைகள் பலர் வாயிலுக்கு வெளியே நின்றனர். அறிவுப் பசிக்கு அரசு, தனியார் என்னும் வேற்றுமை உண்டோ?

இரண்டாவது, கதவு திறந்தால் மட்டும் போதாது. உள்ளே கைப்பிடித்து அழைத்துச் செல்ல ஆசிரியர் வேண்டும். தமிழ்வழியில் பயின்று வந்த மாணவி ஆங்கில ஆய்வுக்கட்டுரையின் முதற்பக்கத்திலேயே மருண்டுவிடக்கூடும். முதலில் தலைப்பும் சுருக்கமும், பின்னர் படங்களும் அட்டவணைகளும், அதன்பின் செய்முறைப் பகுதி என்று படிப்படியாகப் பழக்கினால் அச்சம் நீங்கும். மாதம் ஒரு கட்டுரையை வகுப்பில் கூடிப் படித்தாலும் மூன்றாண்டில் பெரும்பயன் விளையும்.

சந்தா இல்லாதோரும் சோர்வுற வேண்டியதில்லை. இந்திய அறிவியல் அகாதமி 1996 முதல் மாணவர்க்கென வெளியிட்டுவரும் ‘ரெசனன்ஸ்’ இதழை இணையத்தில் விலையின்றிப் படிக்கலாம்.

பெற்றோரே, மதிப்பெண்ணை மட்டும் விசாரியாமல், “உன் கல்லூரி நூலகத்தில் ஆய்விதழ் படிக்க வழி உண்டா? அண்மையில் எதைப் படித்தாய்?” என்றும் உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள். வழி இல்லையெனில், அதைக் கல்லூரி நிர்வாகத்திடம் கேட்பதும் நம் கடமையே.