மாதிரி ரயிலும் மீட்டர் பாதையும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

பொம்மை ரயிலைக் கண்டு மகிழாதார் யார்? ஆனால் பொம்மை ரயில் வேறு, மாதிரி ரயில் வேறு. பொம்மைக்குக் கணக்கு வேண்டாம். மாதிரிக்குக் கணக்குத்தான் உயிர். இவ்வேறுபாட்டை நான் உணர்ந்தது நூலகத்தில் அன்று. இடையஞ்சாவடியில் எங்கள் வீட்டுத் திண்ணையில்.

சென்ற ஆண்டு துறைக் கண்காட்சிக்காக, விழுப்புரம் - புதுச்சேரி ரயிலை அதன் பழைய மீட்டர் பாதைக் கோலத்தில் செய்ய முனைந்தேன். 1879-இல் திறக்கப்பட்ட அப்பாதை இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அகலப்பாதையாகிவிட்டது. நான் மீட்டர் வண்டியைக் கண்டதில்லை. தாத்தாவோ அதே பாதையில் கேங்மேனாக இருந்தவர். நண்பனிடம் இரவல் வாங்கிய மாதிரித் தண்டவாளத்தின்மேல் அட்டைப் பெட்டியை ஏற்றி அவரிடம் காட்டினேன்.

"இது நம்ம வண்டி இல்லடா. லைன் அகண்டு கெடக்குது" என்றார்.

எனக்குக் கோபம்தான். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்; அவர் அளவுகோல்கூட எடுக்கவில்லை! இருந்தாலும் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

பாதையின் அகலம் என்பது தண்டவாளத் தலைகளின் உட்பக்கங்களுக்கு இடையேயுள்ள தூரம். இந்திய அகலப்பாதை 1676 மி.மீ.; மீட்டர் பாதை 1000; உலகில் மிகுதியாக வழங்கும் பாதை 1435. மாதிரியின் அளவு என்பதோ உண்மைப் பொருளை எத்தனை மடங்கு சுருக்கினோம் என்பது. பரவலான எச்.ஓ. அளவு, 87-இல் ஒரு பங்கு. 1435-ஐ 87-ஆல் வகுத்தால் 16.5 மி.மீ. என் கையிலிருந்த தண்டவாளம் அதுவே! பெட்டியையும் 87-இல் ஒரு பங்காகவே வெட்டியிருந்தேன். ஆக, தாத்தாவின் வண்டியை அயல்நாட்டுப் பாதையில் ஏற்றிவிட்டேன். கேஜ் வைத்துப் பார்த்தே பழகிய கண் அது, ஏமாறுமா?

நம் நாட்டில் 762, 610 மி.மீ. பாதைகளையே குறுகிய பாதை என்போம். மாதிரி செய்வோர் வழக்கில் 1435-க்குக் குறைந்த யாவும் குறுகியவை. நீலகிரி மலை ரயிலும் அதில் அடக்கம். எச்.ஓ. அளவில் மீட்டர் பாதைக்கு 11.5 மி.மீ. வர வேண்டும். அதற்கு 12 மி.மீ. தண்டவாளத்தைப் பயன்படுத்துவர். அதுவோ 120-இல் ஒரு பங்கான டி.டி. அளவின் 1435 பாதை! இவ்வாறே 160-இல் ஒரு பங்கு மாதிரிகளின் 9 மி.மீ. தண்டவாளம், எச்.ஓ.வில் 762 பாதையாக வேடம் போடுகிறது. 1968-இல் ஜெர்மனியில் வெளிவந்த எல்.ஜி.பி. தோட்ட ரயிலின் 45 மி.மீ. பாதை மட்டும், 22.5-இல் ஒரு பங்காக, மீட்டர் பாதைக்குச் சரியாகப் பொருந்துகிறது. நம் அகலப்பாதைக்கு எச்.ஓ.வில் 19.3 மி.மீ. வேண்டும், அதையும் 16.5-இலேயே நிறுத்திவிடுவது வழக்கம். கண்ணுக்குத் தெரியாதாம். தாத்தாவுக்குத் தெரியும்.

அப்பா மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை. 12 மி.மீ. தண்டவாளம் வேண்டுமென்று அவரிடம் கேட்க மனம் வரவில்லை. தண்டவாளத்தை மாற்ற முடியாவிட்டால் என்ன, அளவை மாற்றலாமே! 1000-ஐ 16.5-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 60. பழைய பெட்டியைக் கிழித்தெறிந்து, 60-இல் ஒரு பங்காகப் புதிதாக வெட்டினேன். 165 செ.மீ. உயரமுள்ள கேங்மேன் ஒருவரையும் 27.5 மி.மீ. அட்டையில் வெட்டிப் பாதையோரம் நிறுத்தினேன்.

மீண்டும் திண்ணை. தாத்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"லைன் சரி. ஆளுக்குத் தலையில முண்டாசு எங்கடா?" என்றார்.