ஊஞ்சல் சங்கிலி அறுந்தால்...

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் வந்துவிட்டால் சென்னையில் எந்த வீட்டுக் குழந்தைதான் சும்மா இருக்கிறது? "பார்க்குக்குப் போகலாம், பீச்சுக்குப் போகலாம்" என்று ஒரே பிடிவாதம். நாமும் சுண்டலுக்குச் சில்லறையும் ஒரு பாட்டில் தண்ணீரும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். போன இடத்தில் ஊஞ்சல் சங்கிலி அறுந்து விழும் என்றோ, சறுக்குமரத்தின் கிழிந்த தகரம் காலைப் பதம் பார்க்கும் என்றோ யார் நினைக்கிறார்கள்?

அப்படி நேர்ந்துவிட்டால் வழக்கமாக என்ன நடக்கிறது? குழந்தை அழுகிறது, அம்மா அதைவிட அதிகமாக அழுகிறாள். "பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லையே!" என்று வீட்டிலுள்ளவர்கள் அவளையே கோபிக்கிறார்கள். கடைசியில், "ஏதோ போதாத வேளை, இதோடு போயிற்றே!" என்று சமாதானம் சொல்லிக்கொண்டு எல்லாரும் தூங்கப் போய்விடுகிறார்கள். அறுந்த சங்கிலியைப் பற்றி மட்டும் யாரும் யாரிடமும் சொல்வதில்லை. மறுநாள் அந்த ஊஞ்சலில் ஏறப்போவது வேறு ஒரு வீட்டுக் குழந்தை!

போதாத வேளைக்குப் பரிகாரம் இருக்கிறதோ இல்லையோ, துருப்பிடித்த சங்கிலிக்கு நிச்சயமாக உண்டு. அதற்குச் சில காரியங்களை வரிசையாகச் செய்ய வேண்டும்.

முதலில் உடம்பு

ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை மடித்துக் காயத்தின்மேல் வைத்துப் பத்து நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று அடிக்கடி எடுத்துப் பார்க்காதீர்கள். காப்பிப் பொடியையும் மஞ்சள் பொடியையும் அப்ப வேண்டாம். அவை சமையலறையிலேயே இருக்கட்டும். துருப்பிடித்த இரும்பு கிழித்ததோ, மண் பட்ட காயமோ, டெடனஸ் ஊசி போட வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

கை வீங்கிக் கோணினால் எண்ணெய் போட்டு உருவக் கூடாது. எலும்பு முறிந்திருந்தால் உருவுவதே வினையாகிவிடும். கெட்டியான பத்திரிகை ஒன்றை மடித்துக் கையோடு சேர்த்துத் துப்பட்டாவால் கட்டி, ஆடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். (இந்த இதழே போதும், தொடர்கதையைப் பிறகு படித்துக்கொள்ளலாம்!)

தலையில் அடிபட்ட குழந்தை சிறிது நேரம் நினைவிழந்தாலும், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலும், தூங்கி வழிந்தாலும், பேச்சு குழறினாலும் ஒரு நிமிஷமும் தாமதிக்கலாகாது. உயரத்திலிருந்து விழுந்து கழுத்து வலிக்கிறது என்றால் தூக்கி நிறுத்தாமல் 108-க்குப் போன் செய்யுங்கள். முளைத்து நிலைத்த பல் விழுந்துவிட்டால், வேரைத் தொடாமல் எடுத்துப் பாலில் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் போனால், திரும்பப் பொருத்த வாய்ப்பு உண்டு. பால் பல்லுக்கு இது வேண்டாம்.

"போலீஸ் கேஸ், முதலில் அங்கே போய் வாருங்கள்" என்று எந்த ஆஸ்பத்திரியும் திருப்பி அனுப்ப முடியாது. உயிருக்கு ஆபத்தான நிலையில் வருகிறவருக்கு, அரசு டாக்டரானாலும் தனியார் டாக்டரானாலும் உடனே சிகிச்சை தந்தாக வேண்டும் என்று 1989-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறது.

டாக்டர் கேட்கும்போது, வம்பு எதற்கு என்று, "வீட்டு மாடிப்படியில் விழுந்தான்" என்று சொல்லிவிடாதீர்கள். எந்த இடம், எத்தனை மணி, எப்படி அடிபட்டது என்று உள்ளதைச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில் ஏறும் அந்த நாலு வரிதான் பின்னால் உங்களுக்குப் பெரிய சாட்சி.

அடுத்தது அத்தாட்சி

குழந்தையோடு ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போக, இன்னொருவர் அங்கேயே நின்று செல்போனில் படம் எடுக்கட்டும். அறுந்த சங்கிலி, அது நின்ற இடம், பக்கத்தில் எச்சரிக்கைப் பலகை இருந்ததா இல்லையா என்பதெல்லாம் படத்தில் தெரியவேண்டும். மறுநாள் காலையில் புதுச் சங்கிலி மாட்டிவிட்டால் உங்கள் பேச்சை யார் நம்புவார்கள்? பார்த்தவர்கள் இரண்டு பேரின் பெயரும் போன் நம்பரும் வாங்கிக்கொள்ளுங்கள். நுழைவுச் சீட்டு, மருந்துச் சீட்டு, ஆட்டோ வாடகை ரசீது எதையும் கசக்கி எறிய வேண்டாம்.

பிறகு எழுத்து மூலம் புகார் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். சென்னை மாநகராட்சிப் பூங்காவானால் 1913-க்கும் சொல்லலாம். பலத்த காயமானால் போலீஸ் ஸ்டேஷனில் மனுக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். நிர்வாகத்தார் நல்லவிதமாகப் பேசி, சில நூறு ரூபாயோடு ஒரு காகிதத்தையும் நீட்டினால், படித்துப் பாராமல் கையெழுத்திடாதீர்கள்.

"நிர்வாகம் பொறுப்பல்ல!"

இந்தப் பலகையைப் பார்த்துப் பலர் பயந்துவிடுகிறார்கள். போர்டு எழுதி மாட்டிவிட்டால் கடமை தீர்ந்துவிடுமா? காசு கொடுத்துச் சீட்டு வாங்கிய பொழுதுபோக்குப் பூங்காவில் அவர்களுடைய அஜாக்கிரதையால் அடிபட்டால் நீங்கள் நுகர்வோர். 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே 2 வருஷத்துக்குள் நஷ்டஈடு கேட்டு மனுப் போடலாம். நீங்கள் செலுத்திய கட்டணம் 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது. வக்கீல் வைத்தே தீரவேண்டும் என்பதும் இல்லை. யோசனை கேட்க 1915 இருக்கிறது.

கட்டணமில்லாத பூங்காவுக்கு இந்தச் சட்டம் வராது. சிவில் கோர்ட்டுக்குத்தான் போகவேண்டும். அங்கே இரண்டு தீர்ப்புகளை நினைவில் வைப்பது நல்லது. டில்லி சாந்தினி சௌக்கில் சுமார் 80 வருஷத்துப் பழைய மணிக்கூண்டு இடிந்து சிலர் இறந்தார்கள். அதைச் சரியாகச் சோதித்துப் பராமரிக்காத மாநகராட்சியே பொறுப்பு என்று 1966-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. ஆனால் ராஜ்கோட்டில் சாலையோர மரம் திடீரென்று விழுந்து ஒருவர் இறந்த வழக்கில், 1997-ல் அதே கோர்ட்டு மாநகராட்சியைப் பொறுப்பாக்கவில்லை.

ஆகவே, ஆபத்து இருப்பது அதிகாரிகளுக்கு முன்பே தெரியுமா, தெரிந்திருக்க வேண்டுமா என்ற கேள்வி முக்கியமாகிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டி, "இந்த ஊஞ்சலைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள்? முன்பு புகார் வந்ததா?" என்று கேளுங்கள். பொதுவாக 30 நாளில் பதில் தரவேண்டும். வழக்குச் செலவை நினைத்தும் மலைக்க வேண்டாம். வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100-க்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள்.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்குகிறது. யாருக்கும் அடிபடாதபோதே, ஆடுகிற ஆணியையும் துருத்திய தகரத்தையும் பார்த்தவுடன் நீங்கள் ஒரு புகார் எழுதிப்போட்டால், "எங்களுக்குத் தெரியாது" என்று பிறகு யாரும் தப்பிக்க முடியாது. அதற்கு ஆகும் செலவு ஒரு காகிதமும் பத்து நிமிஷமும்தான். நஷ்டஈடு பெரிய தொகையாகவே வந்தாலும், உடைந்த கை உடையாத கையாகிவிடுமா?