ஸ்டீரியோஸ்கேன்: ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கி

கேம்பிரிட்ஜ் இன்ஸ்ட்ருமெண்ட் கம்பெனி, இங்கிலாந்து, 1965

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஓட்லி தலைமையில் 1948இல் தொடங்கிய ஆய்வின் பயனாக விற்பனைக்கு வந்த கருவி. மெல்லிய எலக்ட்ரான் கற்றை மாதிரியின் மேற்பரப்பை வரிவரியாக வருடுகிறது. அங்கிருந்து வெளிப்படும் எலக்ட்ரான்களைக் கொண்டு, பல்லாயிரம் மடங்கு பெரிதான உருவம் திரையில் உருவாகிறது.

திரும்பத் திரும்பச் சுமை ஏறி இறங்குவதால் ஏற்படும் உலோகச் சோர்வால் முறிந்த பரப்பை இக்கருவியில் பார்த்தால், நுண்ணிய இணைவரிகள் தெரியும். இரு வரிகளுக்கு இடைப்பட்ட தூரம், பெரும்பாலும் ஒருமுறை சுமை ஏறி இறங்கியபோது விரிசல் நகர்ந்த அளவு. இதிலிருந்து விரிசல் வளர்ந்த வேகத்தைக் கணிக்கலாம்.

பூஞ்சைகளையும் இதில் பார்க்கலாம். ஆனால் ஈரமான பூஞ்சை, கருவியின் வெற்றிடத்தில் சுருங்கிவிடும். எனவே அதை உருக்குலையாமல் உலர்த்தி, மிக மெல்லிய தங்கப் பூச்சு இடுகிறார்கள். வித்துகளின் மேலுள்ள முள்ளும் மேடும் அப்போது தெளிவாகத் தெரியும். இனங்களைப் பிரித்தறிய அவை உதவுகின்றன.