குண்டாற்றுக் குப்பையும் மன்னார் வளைகுடாவும்

கடல் பிளாஸ்டிக் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் வீட்டில் ஒரே சிரிப்பு. "அருப்புக்கோட்டையில குடிக்கவே தண்ணி இல்ல, இவருக்குக் கடல் கேக்குது." நியாயமான கிண்டல்தான். ஆனால் திருச்சுழியை ஒட்டி ஓடுகிற (பெரும்பாலும் ஓடாத) குண்டாறு, கமுதி வழியாகப் போய் மூக்கையூர் அருகே மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. திருச்சுழியிலிருந்து நேர்கோட்டில் பார்த்தால் கடல் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். அங்கே இருப்பவை, 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகள். பவளப்பாறை, கடற்புல், அதை மேயும் கடற்பசு எல்லாம் அங்கேதான்.

உலகத்தில் பத்துப் பெரிய ஆறுகள்தான் கடலில் பிளாஸ்டிக்கைக் கொட்டுகின்றன என்று 2017 வாக்கில் ஒரு கணக்கு பரவியது. 2021-ல் வந்த ஆய்வு அதைத் திருப்பிப் போட்டது. ஆறுகள் வழியாகக் கடலுக்குப் போவதில் 80 சதவீதத்தை ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆறுகள் பங்கு போட்டுக்கொள்கின்றன, அதிலும் ஊருக்குள் ஓடும் சின்ன ஆறுகளின் பங்கு பெரிது என்றது. குண்டாறு அந்தக் கணக்கில் எங்கே வருகிறது என்பதல்ல என் கவலை. தண்ணீரே இல்லாத ஆறு என்ன செய்கிறது என்பதுதான்.

வருஷத்தில் முக்கால்வாசி நாள் நம்ம ஆறு ஒரு பஃபர். போட்டதை வாங்கி வைத்துக்கொள்ளும், அனுப்பாது. கேரி பேக் காற்றில் பறந்து சீமைக்கருவேல முள்ளில் மாட்டும். ஷாம்பு பாக்கெட் மணலில் புதையும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு நல்ல மழை இறங்கினால், பல மாசத்துச் சேமிப்பு ஒரே வெள்ளத்தில் கிளம்பும்.

இதைவிட மோசம், இடையில் நடப்பது. பாலித்தீனை உடைப்பது வெயிலின் புற ஊதாக் கதிர். கூடவே சூடும் சேர்ந்தால் வேலை சீக்கிரம் முடியும். கடலில் தண்ணீர் குளிர்ச்சி, பாசியும் படிந்து வெயிலை மறைக்கும், அதனால் அங்கே மெதுவாகத்தான் நொறுங்கும். நம்ம சித்திரை வெயிலில் முள்ளில் தொங்கும் பையைத் தொட்டுப் பாருங்கள், அப்பளம் மாதிரி உதிரும். உதிர்ந்ததை எந்தத் துப்புரவுப் பணியாளரும் பொறுக்க முடியாது. அதாவது நாம் கடலுக்குப் பையை அனுப்பவில்லை, அரைத்தே அனுப்புகிறோம். பாலித்தீன் தண்ணீரைவிட லேசு என்பதால் மிதந்தே போகும். வழியில் கண்மாயில் தங்குவது வண்டலோடு படியும். அந்த வண்டலைத்தான் அள்ளிக் காட்டுக்கு அடிக்கிறோம்.

பாலத்துக்குக் கீழே ஆடு மேய்த்த ஒரு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். "கடலு கெடக்கட்டும் தம்பி. வயிறு உப்பிச் செத்த ஆட்டை அறுத்துப் பாத்தா உள்ள பந்து பந்தா பை" என்றார். என்னிடம் பதில் இல்லை. நானும் அந்த ஊர்க் கடையில் பையோடு பஜ்ஜி வாங்கியவன்தான்.

தடை இருக்கிறதே என்பீர்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் 14 பொருட்களுக்குத் தடை. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம். நெசவு ஊரான அருப்புக்கோட்டைக்குத் துணிப்பையைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. சிக்கல் சாஷேயில். பழைய சாமான் வியாபாரி தண்ணி பாட்டிலை எடை போட்டு வாங்குவார், சாஷேயைத் தொட மாட்டார். பல அடுக்குகளை ஒட்டிச் செய்தது, பிரிக்க முடியாது, எடையும் இல்லை. (அந்தச் சாஷேயைப் பிரபலமாக்கியவர் என்று சொல்லப்படுகிற சின்னி கிருஷ்ணன் நம்ம கடலூர்க்காரர்!)

அதற்கும் ஒரு வழி மதுரையிலேயே இருக்கிறது. தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன், துண்டாக்கிய பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியில் தூவி, அது உருகிப் பூச்சாகப் படிந்த பிறகு தார் கலந்து ரோடு போட்டார். 2018-ல் பத்மஸ்ரீ வாங்கினார். சாஷேயும் அதில் போகும், பிவிசி மட்டும் ஆகாது. ஆனால் மண் ஒட்டாமல் வந்தால்தான் உதவும். ஆற்று மணலில் ஆறு மாசம் கிடந்ததை யார் கழுவுவது?

அதனால் என் கணக்கு எளிது. பொறுக்குவதென்றால் பங்குனிக்குள் பொறுக்க வேண்டும், பை முழுசாக இருக்கும்போதே. இப்போது பெரும்பாலும் மழைக்கு முந்தின வாரத்தில்தான் வாறுகால் தூர்வாருகிறார்கள். வாரினதை வாறுகால் கரையிலேயே குவித்தும் வைக்கிறார்கள்.